ரொறன்ரோவில் குளிர்காலம் முழுவதும் சைக்கிளில் வேலைக்குச் செல்ல எந்த வண்டி, எந்த உடை?

கேள்வி: மெயின்தெருவாசி

வணக்கம். டான்ஃபோர்த் வீதியும் மெயின் தெருவும் சந்திக்கும் இடத்துக்கு அருகில் குடியிருக்கிறேன். யூனிவர்சிட்டி அவெனியூவில் உள்ள ஒரு மருத்துவமனையின் ஆய்வுகூடத்தில் வேலை. காலை 7 மணிக்குத் தொடங்கி மாலை 3.30க்கு முடியும். கடந்த வசந்தகாலத்திலிருந்து டான்ஃபோர்த் சைக்கிள் தடத்தில் மேற்கே சென்று, பிரின்ஸ் எட்வேர்ட் பாலத்தைக் கடந்து, புளோர் வீதியால் குயின்ஸ் பார்க் வரை போய்த் தெற்கே திரும்புகிறேன். ஒரு வழிக்கு ஏறக்குறைய 10 கி.மீ. வரும். உடலுக்கும் பணப்பைக்கும் நன்மையாக இருப்பதால் நவம்பரோடு நிறுத்திவிடாமல் குளிர்காலத்திலும் தொடர விரும்புகிறேன்.

இப்போது என்னிடம் இருப்பது பழையதாக வாங்கிய அலுமினியப் பந்தய வண்டி. ரயரின் அகலம் 25 மி.மீ., பிரேக் சில்லின் விளிம்பைப் பிடிக்கும் வகை. மட்காட் பூட்டுவதற்கு அதில் துளைகூட இல்லை. இதற்கே பனி ரயர் போட்டு ஓட்டலாமா? அல்லது நான்கு அங்குல ரயர் உள்ள தடித்த வண்டி ஒன்று வாங்க வேண்டுமா? மின்சைக்கிள்தான் சரி என்று சக ஊழியர் ஒருவர் சொல்கிறார். உடை, விளக்கு எல்லாம் சேர்த்து 1,200 டொலருக்கு மேல் செலவழிக்க இயலாது. அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் வண்டியை நிறுத்துகிறேன். அங்கே பெரிதாகச் சூடும் இல்லை, உறைவதும் இல்லை.

உடையைப் பற்றியும் சொல்லுங்கள். பேருந்துக்குக் காத்து நிற்கும்போது அணியும் தடித்த இறகு மேலங்கியோடு அக்டோபர் இறுதியில் ஒருநாள் ஓட்டிப் பார்த்தேன். பாதி வழியிலேயே உள்ளே நனைந்துவிட்டேன். ஆனால் விரல்கள் மட்டும் விறைத்துப்போயின. மனைவியோ, ரீரீசி (நகரப் பொதுப் போக்குவரத்து) மாதச் சீட்டை எடுத்துக்கொண்டு பேசாமல் இருங்கள் என்கிறார்.

பதில்: பாலங்கடப்பவள்

தம்பி, வண்டியைப் பற்றி விபரம் தெரிந்தவர்கள் வருவார்கள். நான் உடையைப் பற்றி எழுதுகிறேன். நீங்கள் போகும் அதே பாதையில் பல குளிர்காலங்களாகப் போய்வருகிறேன்.

உள்ளே நனைந்ததும் விரல் விறைத்ததும் ஒரே காரணத்தால் வந்தவை. மிதிக்கும்போது உடலின் நடுப்பகுதி தனக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். கைகளோ ஹாண்டிலைப் பிடித்தபடி அசையாமல் காற்றின் முகத்திலேயே இருக்கின்றன. ஆகவே நெஞ்சுக்குக் குறைவாகவும், கை, கால், காது, கழுத்து ஆகியவற்றுக்குக் கூடுதலாகவும் உடுக்க வேண்டும். கட்டடக் கதவைத் தாண்டி வெளியே வந்ததும் சற்றுக் குளிர வேண்டும். அப்போதே இதமாக இருந்தால் பேப் நிலையத்தை அடைவதற்குள் வியர்த்துவிடும். வியர்த்த உடம்போடு சிவப்பு விளக்கில் நிற்பதுதான் உண்மையான தண்டனை.

தோலோடு ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி உள்ளுடை அணியுங்கள். பருத்தி வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு உங்களைக் குளிர்விக்கும். அதற்கு மேல் மெல்லிய ஃபிளீஸ் ஒன்று, வெளியே காற்றை மறிக்கும் மெல்லிய மேலங்கி ஒன்று. மேலங்கியின் அக்குளில் திறந்து மூடும் ஸிப் இருந்தால் கூடுதல் விலை கொடுத்தாலும் நட்டமில்லை. பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை வரை எனக்கு இந்த மூன்றும் போதும். அதற்கும் கீழே இறங்கினால் ஃபிளீஸைத் தடிப்பானதாக மாற்றுகிறேன், அவ்வளவுதான். காலுக்கு உள்ளே கம்பளி நீள்காற்சட்டையும் வெளியே காற்று மறிக்கும் ஒன்றும் வேண்டும். தொடைகள் உழைக்கின்றன, ஆனால் முழங்கால் குளிரும்.

கைக்கு எத்தனை தடித்த கையுறை வாங்கினாலும் திருப்தி கிடைக்காது, பிரேக்கையும் கியரையும் பிடிப்பது கடினமாகிவிடும். ஹாண்டிலிலேயே பூட்டி, கையை உள்ளே நுழைத்துக்கொள்ளும் பெரிய உறை ஒன்று இருக்கிறது. இங்குள்ளவர்கள் அதைப் போகீஸ் என்பார்கள். அதற்குள் மெல்லிய கையுறை ஒன்று போதும். பார்ப்பதற்கு அழகாக இருக்காது என்று தள்ளிப்போடாதீர்கள், உங்கள் 1,200 டொலரில் மிகவும் பயனுள்ள செலவு அதுவாகத்தான் இருக்கும். காலுக்குச் சாதாரணப் பனிச்சப்பாத்தும் தட்டையான மிதிகட்டையும் போதும். இரண்டு சோடி காலுறையைத் திணித்துச் சப்பாத்தை இறுக்கினால் இரத்தம் ஓடாமல் இன்னும் குளிரும். தலைக்கு, தலைக்கவசத்துக்குள் அடங்கும் மெல்லிய தொப்பி போதும். தடித்த தொப்பி போட்டால் கவசம் நெற்றிக்கு மேலே ஏறி நிற்கும், விழும்போது காக்காது.

பாலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1918இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் டொன் பள்ளத்தாக்கிலிருந்து 40 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. டான்ஃபோர்த்தில் கட்டடங்கள் மறைத்துக்கொண்டிருந்த வடமேற்குக் காற்று பிராட்வியூவைத் தாண்டியதும் உங்களைப் பக்கவாட்டில் தள்ளும். இருபுறமும் உள்ள கம்பித் திரை காற்றை மறைக்காது. கீழிருந்தும் குளிர் ஏறுவதால் மற்ற இடங்களில் வெறும் ஈரமாக இருக்கும் நாளில் பாலத்தின் மேற்பரப்பு உறைந்திருக்கும். அங்கே திடீரென்று பிரேக் பிடிக்காதீர்கள், ஹாண்டிலையும் வெட்டித் திருப்பாதீர்கள்.

காற்றே இல்லாத காலையிலும் நீங்கள் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போனால் அந்தக் காற்றை நீங்களே உண்டாக்குகிறீர்கள். பூச்சியத்துக்குக் கீழே 10 பாகையில் அந்தக் காற்று முகத்தில் பட்டால், கனடாவின் காற்றுக்குளிர்க் கணக்குப்படி அது பூச்சியத்துக்குக் கீழே 18 போல உறைக்கும். காற்றுக்குளிர் பூச்சியத்துக்குக் கீழே 28ஐத் தாண்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறைந்துபோகலாம். உங்கள் பயணமோ அதைவிட நீளமானது. அப்படிப்பட்ட நாளில் மூக்கையும் கன்னத்தையும் மூடும் துணியும், பனிச்சறுக்கில் அணியும் கண்ணாடியும் வேண்டும். சாதாரண மூக்குக்கண்ணாடி உங்கள் மூச்சாலேயே மங்கிவிடும். மூக்குக்குக் கீழே துணியில் சிறிய திறப்பு விட்டால் மூச்சு கீழ்நோக்கிப் போகும்.

பதில்: சில்லுவைத்தியர்

அக்கா சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். வண்டிக்கு வருகிறேன். ஸ்காபரோவில் ஒரு சமூகத் திருத்தகத்தில் வார இறுதிகளில் வேலை செய்கிறேன். மார்ச் மாதத்தில் எங்களிடம் வரும் வண்டிகளைப் பார்த்தால் ரொறன்ரோக் குளிர்காலத்தின் எதிரி எது என்பது விளங்கும். பனியைவிட உப்புத்தான் அதிகம் அழிக்கிறது.

முதலில் உங்கள் பந்தய வண்டி. ஆணி பதித்த ரயர்கள் 35 மி.மீ. அளவிலிருந்துதான் இலகுவாகக் கிடைக்கும். 25 மி.மீ. ரயருக்காகச் செய்த கவையிலும் பிரேக்கிலும் அது நுழையாது. எப்படியாவது நுழைத்தாலும் மட்காட்டுக்கு இடம் இருக்காது. மட்காட் இல்லாவிட்டால் உருகிய பனியும் உப்பும் மண்ணும் கலந்த கறுப்புக் குழம்பு உங்கள் முதுகிலும், அதைவிட மோசமாகச் செயினிலும், கீழ்க்குழாயிலும், முன் கியரிலும் போய் அப்பும். அந்த வண்டியைக் கழுவித் துடைத்து ஏப்ரல் வரை உறங்க விடுங்கள்.

தடித்த வண்டி வேண்டாம். அது மிதிபடாத, ஆழமான, தளர்ந்த பனிக்காகப் பிறந்தது. நீங்கள் போகும் பாதையில் அத்தகைய பனி புயல் நாட்களில் மட்டுந்தான் இருக்கும். மற்ற நாட்களில் உப்புத் தண்ணீர் ஓடும் தார் வீதியில் அந்தப் பெரிய ரயரை உருட்டி வீணாகக் களைப்பீர்கள். ஆணி இல்லாவிட்டால் பனிக்கட்டியில் அதுவும் வழுக்கும்.

நான் தேடச் சொல்வது, முன்னால் ஸ்பிரிங் இல்லாத, 1980களின் இறுதியிலோ 1990களிலோ வந்த இரும்புச் சட்ட மலைவண்டி, அல்லது அகன்ற ரயருக்கு இடமுள்ள பழைய கலப்பு (ஹைபிரிட்) வண்டி. 250 முதல் 400 டொலருக்குள் நல்லது அகப்படும். மட்காட்டுக்கும் கரியருக்கும் துளைகள் இருக்கும், உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கும், துருப்பிடித்தாலும் மனம் நோகாது. பிரேக் மட்டும் கவனிக்க வேண்டியது. விளிம்பைப் பிடிக்கும் பிரேக்கில் மண் சிக்கி, ஒவ்வொரு தடவை பிடிக்கும்போதும் அலுமினிய விளிம்பை அரம்போல் தேய்க்கும். ஒரே குளிர்காலத்தில் விளிம்பின் பக்கம் குழிந்துபோன சில்லுகளைப் பார்த்திருக்கிறேன். டிஸ்க் பிரேக் உள்ள வண்டி கிடைத்தால் அதையே எடுங்கள், கேபிளால் இழுக்கும் எளிய டிஸ்க் போதும். கியரைச் சில்லின் நடுக்குடத்துக்குள்ளேயே மூடி வைத்திருக்கும் வண்டி, ஷிமானோ நெக்ஸஸ் போன்றது, உங்கள் விலைக்குள் அகப்பட்டால் அதிர்ஷ்டம். உப்பு உள்ளே போகாது.

இனி ரயர். குளிர்கால வண்டியில் பணத்தைக் கொட்ட வேண்டிய இடம் இதுதான். டங்ஸ்டன் கார்பைட் முனை உள்ள ஆணிகளையே வாங்குங்கள், வெறும் எஃகு ஆணி தாரில் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஷ்வால்பே மரதன் வின்ரர், முன்பு நொக்கியன் பெயரில் வந்த ஹக்கபெலிற்றா டபிள்யூ106 ஆகிய இரண்டும் நகரப் பாவனைக்கு ஏற்றவை. ஒன்றுக்கு ஏறக்குறைய 80 முதல் 120 டொலர் வரும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முன்சில்லுக்குப் போடுங்கள். பின்சில்லு வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம், முன்சில்லு வழுக்கினால் நினைப்பதற்குள் நிலத்தில் இருப்பீர்கள். போட்ட புதிதில் முதல் 40 கி.மீ. வரை தார் வீதியில் அவசரமாக உன்னாமலும் கடுமையாக நிறுத்தாமலும் ஓட்டினால் ஆணிகள் தம் குழிக்குள் நன்றாக உட்காரும். காய்ந்த வீதியில் கடுகு தாளிப்பதுபோல் சத்தம் போட்டுக்கொண்டு போகும். முன்னால் நடப்பவர்கள் திரும்பிப் பார்த்து விலகுவார்கள், மணி அடிக்கும் வேலை மிச்சம். காருக்குத் தென் ஒன்ராறியோவில் ஆணி ரயர் போடச் சட்டம் இடம் தராது, சைக்கிளுக்குத் தடை இல்லை.

காற்றழுத்தத்தையும் பாருங்கள். மரதன் வின்ரர் போன்ற ரயரில் காற்றைக் கூட்டினால் நடுப்பகுதி மட்டும் தார் மீது ஓடும், குறைத்தால் ஓரத்து ஆணிகளும் நிலத்தைக் கடிக்கும். சூடான இடத்தில் அடித்த காற்று வெளிக்குளிரில் தானாகவே கொஞ்சம் இறங்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

நிலக்கீழ் அறை நல்லதும் கெட்டதும். வண்டி முழுக்கக் குளிரிலேயே நின்றால் உப்பு மெதுவாகத்தான் வேலை செய்யும். உள்ளே கொண்டுவந்தால் ஒட்டியிருந்த பனி உருகி, உப்புத் தண்ணீர் செயினின் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் இறங்கும், மறுநாள் காலையில் செயின் செம்மஞ்சளாக இருக்கும். அதைவிடத் தொல்லை, கேபிள் உறைக்குள்ளும் பின்சில்லின் குடத்துக்குள்ளும் போன தண்ணீர் வெளியே வந்ததும் உறைவது. குடத்துக்குள் பற்களைப் பிடிக்கும் சிறு நாக்குகள் உறைந்த கிரீசில் ஒட்டிக்கொண்டால், மிதிகட்டை முன்னோக்கிச் சும்மா சுற்றும், வண்டி நகராது. மாலையில் திரும்பியதும் ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாக ஊற்றி, அமுக்கத்தில் பீச்சாமல், பழந்துணியால் துடைத்து, செயினுக்கு மழைக்கால எண்ணெய் விடுங்கள். அந்த நேரம் இல்லாத நாளில் செயினை மட்டுமாவது துடையுங்கள். செயினைப் பொறுத்தவரை, மலிவானதை வாங்கி வசந்தத்தில் எறிந்துவிடுவதே எனக்குப் பிடித்த வழி.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு குடும்பமே ஒரு சைக்கிளில் போனது நினைவிருக்கும். அந்த லுமாலா சைக்கிள்களின் செயினை முழுதாக மூடிய தகரப் பெட்டி இங்கே ஏன் அருகிப்போனது என்று ஒவ்வொரு சனவரியிலும் யோசிப்பேன்.

பதில்: ஒட்டாவாத் தஞ்சாவூரான்

மின்சைக்கிளை யாரும் ஆதரிக்கவில்லை என்பதால் எழுதுகிறேன். ஒட்டாவாவில் உங்கள் ஊரைவிடக் குளிர் அதிகம். ஆனாலும் இங்கே மின்சைக்கிளில்தான் அலுவலகம் போய்வருகிறேன். எதிர்க்காற்றில் மோட்டார் தோள் கொடுப்பதால் வியர்வை வருவதில்லை. வியர்வை இல்லாவிட்டால் உடைச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடுகிறது. கனமான டயரும் தடித்த கிரீசும் வண்டியை இழுப்பதும் தெரியாது. ஒன்டாரியோ சட்டப்படி மோட்டார் 500 வாட்டுக்கு மேலும், மோட்டாரின் உதவியோடு வேகம் மணிக்கு 32 கி.மீ.க்கு மேலும் போகக்கூடாது, 16 வயது நிரம்பியிருக்க வேண்டும், தலைக்கவசம் கட்டாயம். உரிமமும் காப்பீடும் தேவையில்லை.

பேட்டரியை மட்டும் குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும். குளிரில் அது தரும் தூரம் குறைந்துவிடும். அது தற்காலிகம், சூடானதும் திரும்பிவிடும். ஆனால் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து, அந்தச் சேதம் நிரந்தரமாகிவிடும். அலுவலகத்துக்குள் கழற்றி எடுத்துச் செல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் உடனே செருகாமல், அறையின் வெப்பத்துக்கு வந்தபிறகு சார்ஜ் போடுங்கள்.

பதில்: சில்லுவைத்தியர்

தஞ்சாவூர் நண்பர் சொன்னவை எல்லாம் சரி. ஆனால் கேட்டவரின் பணப்பையையும் பாதையையும் பார்க்க வேண்டும். 1,200 டொலருக்குள் நம்பத்தக்க மின்சைக்கிளும் ஆணி ரயரும் உடையும் அடங்கா. மலிவான மின்கலத்தை அடுக்குமாடியில் வைத்துச் சார்ஜ் போடுவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பல கட்டடங்களின் நிர்வாகம் அனுமதிப்பதும் இல்லை.

இன்னொன்று, வழியில் வண்டி பழுதானால் என்ன செய்வது என்பது. 2023 டிசம்பர் 31 அன்று ஷெப்பர்ட்-யங் நிலையத்தில் ரயிலுக்குள் மின்சைக்கிள் ஒன்று தீப்பற்றியது. அதன் பிறகு, லித்தியம் மின்கலத்தில் ஓடும் சைக்கிள்களை நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ரீரீசியில் கொண்டுவரக்கூடாது என்று 2024இல் விதி வந்தது. சாதாரண சைக்கிளை நிலக்கீழ் ரயிலில் ஏற்றலாம், ஆனால் வார நாட்களில் காலை 6.30 முதல் 10 வரையும், மாலை 3.30 முதல் 7 வரையும் அனுமதி இல்லை. உங்கள் வேலை 3.30க்கு முடிவதால் மாலையில் அந்த வழி உங்களுக்கு அடைபட்டே இருக்கும். வண்டியை மருத்துவமனையிலேயே பூட்டிவிட்டு வெறுங்கையோடு ரயிலில் வரவும், மறுநாள் எடுத்துக்கொள்ளவும் மனம் பழக வேண்டும். அதற்கும் 300 டொலர் வண்டிதான் தோது.

கேள்வி கேட்டவர்: மெயின்தெருவாசி

மூவருக்கும் மிக்க நன்றி. பழைய இரும்பு மலைவண்டியையே தேடப்போகிறேன். போகீஸைப் பார்த்து மனைவி சிரித்தார், வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்னும் மூன்று ஐயங்கள். இருட்டில் புறப்பட்டு, டிசம்பரில் ஏறக்குறைய இருட்டில் திரும்ப வேண்டியிருக்கும், எத்தகைய விளக்கு வாங்குவது? பூட்டு உறைந்தால் என்ன செய்வது? தடத்தில் பனி குவிந்து கிடந்தால் கார்களுக்கு நடுவே எப்படிப் போவது?

பதில்: சில்லுவைத்தியர்

விளக்கு, பூட்டு இரண்டுக்கும் சுருக்கமாக. சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து உதித்து அரை மணி நேரம் வரை முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள் விளக்கும், பின்னால் சிவப்பு விளக்கோ சிவப்புத் தெறிப்பானோ ஒன்ராறியோவில் கட்டாயம். டிசம்பர் இறுதியில் இங்கே சூரியன் 7.50 அளவில் உதித்து 4.50 அளவில் மறைந்துவிடுவதால், இரு வழியிலும் எரிய விடுவதே நல்லது. சார்ஜ் செய்யும் விளக்குகள் குளிரில் சீக்கிரம் இறங்கும். வண்டியில் விட்டுவிடாமல் உள்ளே எடுத்துச் செல்லுங்கள், பின்னால் இரண்டு விளக்குகள் பூட்டுங்கள். ரயரில் உரசி ஓடும் பழைய டைனமோ இந்தச் சேற்றில் வழுக்கும். முன்சில்லின் குடத்திலேயே உள்ள டைனமோ அருமையானது, அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேலங்கி கறுப்பாக இருந்தால் கணுக்காலில் ஒளிதெறிக்கும் பட்டி கட்டுங்கள். அது மேலும் கீழும் அசைவதால் ஓட்டுநரின் கண் உடனே பிடித்துக்கொள்ளும்.

பூட்டின் துளை கீழ்நோக்கி இருக்கும்படி பூட்டுங்கள், குளிர் தொடங்கும் முன்பே உள்ளே மெல்லிய எண்ணெய் விடுங்கள். உறைந்துவிட்டால் மதுசாரம் கலந்த பூட்டுத் திரவத்தைச் சில துளி விடலாம், அந்தச் சிறு குப்பி சட்டைப் பையில் இருக்கட்டும், வண்டிப் பையில் பூட்டிவைக்க வேண்டாம். கொதிநீரை ஊற்றாதீர்கள், அது மறுபடி உறைந்து முன்னையைவிட இறுகும்.

பதில்: பாலங்கடப்பவள்

வீதியைப் பற்றி. பனிவாகனம் வீதியைத் தள்ளிவிட்டுப் போன பிறகு ஓரத்தில் ஒரு வரம்பு நிற்கும். பகலில் உருகி இரவில் உறைந்த அந்த வரம்பின் சரிவில் சில்லை ஏற்றாதீர்கள், ஆணி ரயரும் அங்கே கைவிடும். தடம் மூடிக் கிடந்தால், வரம்புக்கும் கார்களுக்கும் இடையில் ஒடுங்கிப் போகாமல், பின்னால் பார்த்து, கையைக் காட்டி, கார்த் தடத்தின் நடுவுக்கே வந்துவிடுங்கள். பாதுகாப்புக்காக அப்படிச் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. இயன்ற இடத்தில் ஒரு மீற்றர் இடைவெளி விட்டுத்தான் உங்களைக் கடக்க வேண்டும் என்று 2015இலிருந்து சட்டமும் இருக்கிறது. ஓரத்தில் ஒட்டிப் போகிறவரைத்தான் கார்கள் உரசிக்கொண்டு போகின்றன.

புளோர், யங், யூனிவர்சிட்டி தடங்களை அகற்றுவதற்கு மாகாண அரசு 2024இல் சட்டம் இயற்றியதும், 2025 ஜூலையில் நீதிமன்றம் அது உரிமைச் சாசனத்துக்கு முரணானது என்று தீர்த்ததும் அறிந்திருப்பீர்கள். அரசு மேன்முறையீடு செய்வதாக அறிவித்தது. உங்கள் பாதையின் மேற்குப் பாதி அந்த வழக்கோடு கட்டுண்டது, ஆகவே மாற்று வழி ஒன்றைக் கோடையிலேயே ஓட்டிப் பழகி வையுங்கள். மாற்று வழி தேடும்போது ஜெராட் தெருவைத் தேர்ந்தால் ட்ராம் தண்டவாளம் வரும். ஈரத் தண்டவாளமே வழுக்கும், பனி மூடினால் கண்ணுக்கும் தெரியாது. எப்போதும் செங்குத்தாகக் கடந்து செல்லுங்கள், ஆணி அந்த இரும்பைக் கடிக்காது. பள்ளத்தாக்கு வழியாகப் போகும் பூங்காப் பாதைகளும் அழகானவைதான், ஆனால் குளிர்காலப் பராமரிப்பு இல்லை என்ற பலகை நிற்கும் பகுதிகளில் இறங்காதீர்கள்.

ரீரீசி அட்டையில் எப்போதும் கொஞ்சம் காசு இருக்கட்டும், மாதச் சீட்டு வேண்டாம். 2025 பெப்ரவரி நடுவில் அடுத்தடுத்து வந்த இரண்டு பனிப்புயல்களைப் போன்றவை வந்தால் சில நாட்களுக்கு வண்டியைத் தொடாதீர்கள். சாதாரணப் பனிப்பொழிவு நாளில், உழுதுவிட்டுப் போகும் வரை அரை மணி நேரம் பிந்திப் புறப்பட முடியுமா என்று வேலையிடத்தில் முன்கூட்டியே பேசி வையுங்கள். உறைமழை (விழுந்ததும் கட்டியாக உறையும் மழை) என்று முதல்நாள் இரவே அறிவித்துவிட்டால் யோசிக்க ஒன்றும் இல்லை. அன்று மெயின் ஸ்ட்ரீட் நிலையத்துக்கு நடந்துபோய் ரயில் ஏறுங்கள், நடக்கும்போதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்குங்கள்.